இடது பக்கத்து இரைச்சல்

நம் வேலைக்கு வந்த முதல் வாரத்தில் குழந்தையின் தலையில் பசை தடவி சென்சார் ஒட்டக் கற்றுத்தருவார்கள். அடுத்த வாரம் இரைச்சலை வெட்டக் கற்றுத்தருவார்கள். குழந்தை கண்ணைச் சிமிட்டினால், எச்சில் விழுங்கினால், பல்லைக் கடித்தால், மூளையின் மெல்லிய அலை மேல் தசையின் பெரிய அலை வந்து ஏறிக்கொள்ளும். அதற்குத்தான் இரைச்சல் என்று பெயர். அந்த இடங்களை வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தைத்தான் படித்து ரிப்போர்ட் எழுத வேண்டும். இதில் யாருக்குக் கை நன்றாகப் பழகியிருக்கிறதோ அவர்தான் கெட்டிக்காரர். நானும் அந்தப் பெயரை வாங்கியவள்தான். ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போர்த்தியவர்கள் அதையும் சேர்த்துச் சொல்லித்தான் போர்த்தினார்கள்.

புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர், "பெற்றோரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது மேடம்?" என்று கேட்டீர்கள். கேட்டவுடன் பதில் சொல்லிவிடுவேன் என்று நினைத்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்த பதில் ஒரு பிள்ளையின் கதையாகத்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அதற்கு முன் ஒன்று. நாம் செய்யும் இந்த நியூரோஃபீட்பேக் ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால், அவரிடமிருந்து இரண்டடி தள்ளியே நில்லுங்கள். திரையில் பிள்ளைக்குப் பிடித்த படம் ஓடுகிறது. மூளை அமைதியாக இருந்தால் படம் பளிச்சென்று தெரிகிறது, இல்லாவிட்டால் மங்குகிறது. படத்துக்காகப் பிள்ளை அமைதிக்குப் பழகப் பார்க்கிறது. நம் வித்தை அவ்வளவுதான். சிலருக்குத் தூக்கம் சீராகும், ஓரிடத்தில் உட்காரும் பொறுமை கூடும். சிலருக்கு ஒன்றும் ஆகாது. இதை வைத்துக்கொண்டு மலையைப் புரட்டுகிற மாதிரி பேசக் கூடாது. பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன், சில சமயம் நானே பேசியிருக்கிறேன்.

அப்போது நான் அபிராமபுரத்தில் ஒரு மாடி வீட்டில் நடந்துவந்த நம் பயிற்சி மையத்தில் மூத்த பயிற்சியாளர். அங்கே ரிஸ்வான் வந்தான். ஒன்பது வயது. பேச்சு கிடையாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாயில்லாத பிள்ளை எப்படிப் பிழைக்கும் என்று யாரும் பழமொழி சொல்லிவைக்கவில்லை. அப்பா அன்வர் பாய்க்குத் தி.நகரில் பெட்டி, பை பழுதுபார்க்கும் கடை. சக்கரம் உடைந்த சூட்கேஸ், ஜிப் போன பள்ளிக்கூடப் பை எல்லாம் அவர் தாத்தா காலத்திலிருந்து அந்தக் கடைக்குத்தான் வரும். அம்மா நஸீமாதான் வாரம் இரண்டு முறை பையனை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வருவாள். படியேறி வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாரி மேடம், டிராஃபிக்கு" என்பாள், சீக்கிரமே வந்திருந்தாலும்கூட.

ரிஸ்வானுக்குக் கடலுக்கடியில் மீன்கள் நீந்தும் படம் பிடிக்கும். யாரையும் தொடவிட மாட்டான். ஆனால் போகப் போக என் கையை மட்டும் பிடித்து இழுத்துத் தன் இடது கன்னத்தில் வைத்து அழுத்திக்கொள்ள ஆரம்பித்தான். நம் பாஷையில் இதற்கு 'அழுத்தம் தேடுகிறான்' என்று பெயர். உடம்பின் எல்லை புலப்படாத பிள்ளைகளுக்கு அழுத்தம் இதம் தரும் என்று நாம் படித்திருக்கிறோம். நானும் அவன் கேட்ட மாதிரி அழுத்திக் கொடுப்பேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். பெற்ற தாயிடம்கூட ஒட்டாத பிள்ளை என் கையைத் தேடி வருகிறான் என்றால் யாருக்குத்தான் பெருமை வராது?

அந்த வருடம் ரம்ஜான் முடிந்த பிறகு பையன் முற்றிலும் மாறிப்போனான். தன் முகத்தில் தானே குத்திக்கொண்டான். சுவரில் தலையை மோதினான். பள்ளியில், கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மனநல மருத்துவர் மருந்தைக் கூட்டினார். ஒருநாள் அவனுடைய குட்டித் தங்கை பக்கத்தில் வந்து நின்றபோது அவளைத் தள்ளிவிட்டான். பீரோ முனையில் பட்டு அவள் நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் ரிப்போர்ட் என்ன சொன்னது தெரியுமா? முன்னேற்றம் என்று சொன்னது. தினேஷ் என்ற இளைஞர்தான் பதிவுகளைச் சுத்தம் செய்வார். நல்ல பிள்ளை, உழைப்பாளி, நான் கற்றுக்கொடுத்த மாதிரியே செய்வார். இரைச்சலை எல்லாம் வெட்டியபின் மிஞ்சுவது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சம் அழகாக இருந்தது. அமைதியைக் காட்டும் கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. நஸீமா அதைப் பார்த்துவிட்டு, "அப்ப உள்ள நல்லாயிக்கினுதான் வர்றான் இல்ல மேடம்?" என்று கேட்பாள். ஆமாம் என்றுதான் சொன்னோம்.

பிறகு ஒருநாள் அன்வர் பாயும் கூட வந்தார். அதுவரை அவர் மையத்துக்கு வந்ததே இல்லை. செருப்பை வாசலிலேயே ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு வந்து நின்றார்.

"மேடம், இன்னிக்கு கடேசி. நாளைக்கு காலைல இவனைக் கொண்டுபோய் விட்டுடப் போறோம். ஊருக்கு வெளிய ஒரு இல்லம் கீது. இந்த மாதிரி பசங்க தங்குற எடம். ரொம்ப அலைஞ்சு எடம் கெட்ச்சிது."

நஸீமா தலையை நிமிர்த்தவே இல்லை. அவள் ஒப்புக்கொள்ளவில்லை என்பது தெரிந்தது. எதிர்த்துப் பேச அவளிடம் பலமில்லை என்பதும் தெரிந்தது. மகளின் நெற்றியில் இருக்கும் தையலுக்கு அவளால் என்ன பதில் சொல்ல முடியும்?

கடைசி முறையாக ரிஸ்வானை உட்காரவைத்தோம். தலையின் இரு பக்கமும் சென்சார் ஒட்டினேன். இடது பக்கத்து அலை தாறுமாறாகக் குதித்தது. மீன்கள் மங்கிப்போயின.

"லெஃப்ட் வயர் போயிருக்கு மேடம். ரொம்ப நாளாவே இப்படித்தான். நான் வெட்டி எடுத்துக்கறேன்" என்றார் தினேஷ்.

கடைசி நாள்தானே என்று விட்டிருப்பேன். ஆனால் ஒரு பிள்ளை நம்மிடமிருந்து போகும்போது அவனுடைய பதிவு நன்றாக இருக்கட்டும் என்று எனக்கு ஓர் அற்ப ஆசை. இடது வயரை எடுத்து வலது பக்கம் மாட்டினேன், வலதை இடது பக்கம். வயரில் கோளாறு என்றால் இரைச்சலும் பக்கம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அது பிள்ளையின் இடது பக்கத்திலேயே இருந்தது.

"எத்தனை நாளா தினேஷ்?"

"தெரியல மேடம். வர வர வெட்டிக்கிட்டே இருந்தேன்."

அப்போது ரிஸ்வான் என் கையைப் பிடித்து இழுத்தான். வழக்கம்போல இடது கன்னத்தில் வைத்து அழுத்தினான். தாடைத் தசை கல்லாக இறுகியிருந்தது. வலது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன், சாதாரணமாக இருந்தது. இடது கன்னம் கொஞ்சம் சூடாக இருப்பது போலிருந்தது. அது என் மனப்பிரமையாகவும் இருக்கலாம். வாயைத் திறந்து காட்டச் சொன்னால் அவன் காட்ட மாட்டான். அவன் எப்போதுமே காட்டியதில்லை.

நஸீமாவிடம் அவன் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டேன்.

"ரொட்டி துன்றதே இல்ல மேடம். பால்ல ஊற வெச்ச ரஸ்க்கு மட்டும்தான். ஃபிரிட்ஜ் தண்ணியைக் கேட்டு கேட்டு வாய்ல வெச்சிக்கினு அப்டியே நிக்கிறான். இந்த மாதிரி பசங்க சாப்பாட்டுல அடம் புடிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஆமாம், நான்தான் சொன்னேன்.

எழுந்து டாக்டரின் அறைக்குப் போனேன். எங்கள் மையத்தை நடத்தியவர் அவர். மயிலாப்பூர்க்காரர், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். பார்த்ததைச் சொன்னேன். பல்லாக இருக்கலாம் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நீ சொல்றது சரியாவே இருக்கலாம் கலா. ஆனா நாம பல் டாக்டர் இல்லை. அந்தக் குழந்தைக்குப் பல்லைப் பார்க்கணும்னாலே மயக்க மருந்து குடுக்கணும். அவா மனசைத் தேத்திண்டு கிளம்பி நிக்கறா. நீ போய்த் தடுத்து, கடைசில பல்லுல ஒண்ணுமில்லைன்னு ஆயிட்டா? அந்தப் பொண்ணு இன்னொரு தடவை ஒடிஞ்சு போவா. அந்த மனுஷன் மறுபடி இவ்வளவு தைரியத்துக்கு எங்க போவார்?"

அவர் கேட்டது நியாயம். இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பேசாமலிருப்பதற்கு நமக்கு எப்போதும் நல்ல காரணங்கள் கிடைக்கும், அவை பொய்யான காரணங்களாகவும் இருக்காது. அந்த நிமிடம் எனக்கும் திரும்பிப் போய்ப் பேசாமல் உட்கார்ந்துவிடலாம் என்றுதான் இருந்தது.

"ஒருவேளை பல்லா இருந்தா, டாக்டர்? அங்க போய் யார் கையை எடுத்துக் கன்னத்துல வைப்பான்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே இளநீர் வண்டிக்காரன் யாரிடமோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

"போய்ச் சொல்லு. ஆனா தெரிஞ்சதை மட்டும் சொல்லு. நம்பறதைச் சொல்லாதே. நான் சொன்னதாவும் சேர்த்தே சொல்லு" என்றார்.

வெளியே வந்து அன்வர் பாயையும் நஸீமாவையும் உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. வயரை மாற்றியதைச் சொன்னேன், தாடை இறுகியிருப்பதைச் சொன்னேன், ரஸ்க்கையும் குளிர்ந்த தண்ணீரையும் சொன்னேன். "பல்லுதான்னு எனக்குத் தெரியாது பாய். இடது பக்கம் ஏதோ ஒண்ணு இருக்கு. அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பல் ஆஸ்பத்திரியில காட்டிடுங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். கோபம் வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, வந்தபோது சத்தமில்லாமல் வந்தது.

"இன்னா மேடம் சொல்றீங்க. போன மாசம் ரிப்போர்ட்டுல எல்லாம் ஏறிக்கினே கீதுன்னு சொன்னீங்க. நான் இவகிட்ட சண்டை போட்டேன், உள்ள நல்லாயிட்டான்னா வெளிய ஏன் இப்டி பண்றான், வேணும்னே பண்றான்னு. என் பொண்ணு நெத்திய வந்து பாருங்க. இப்ப நாளைக்கு கெளம்பறோம், இன்னிக்கு பல்லுன்றீங்க."

"ரிப்போர்ட்டும் நாங்க குடுத்ததுதான். அதுல தப்பு இருக்கலாம். அதைத்தான் இப்ப சொல்றேன்."

"பல்லுல ஒண்ணும் இல்லன்னா?"

"அப்ப நான் சொன்னது தப்பு. உங்க முன்னாடி வந்து நிப்பேன்."

வேறென்ன சொல்வது? நிச்சயமாகப் பல்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அப்போதே ஒப்புக்கொண்டிருப்பார். என் நாக்கின் நுனி வரை வந்தது. பயந்துபோயிருக்கும் மனிதர் முன் உறுதியாகப் பேசிவிடுவது ரொம்பச் சுலபம், நம் தொழிலே பாதி அதில்தான் ஓடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்கினேன்.

நஸீமாதான் பேசினாள். தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒரு நாள்தானே. நாளைக்குப் போறதை நாளன்னிக்குப் போனா இன்னா" என்றாள். அவள் கை ரிஸ்வானின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தது.

அன்வர் பாய் வராந்தாவுக்குப் போனார். போனில் பேசுவது கேட்டது. "நைனா, நாளைக்கு வண்டி வேணாம். இல்ல, வேணாம். அப்பறம் சொல்றேன்." பேசி முடித்த பிறகும் தெருவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே வெகுநேரம் நின்றார்.

மறுநாள் மாலை அவர் எனக்குப் போன் செய்தார். கீழ்த்தாடையில், கடைசிப் பல்லுக்கு முந்தைய பல், இடது பக்கம். வெளியே பார்க்க ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லையாம். உள்ளே வேர் வரைக்கும் சொத்தை இறங்கி, எலும்புக்குள் சீழ் கட்டியிருந்ததாம். மயக்க மருந்து கொடுத்துப் பல்லை எடுத்துவிட்டார்களாம். "இவ்ளோ சீழு மேடம். டாக்டரே கேக்கறாரு, பெரியவங்களா இருந்தா கத்தி ஊரைக் கூட்டியிருப்பாங்களே, எப்டி தாங்கினான்னு" என்றார். அதற்குப் பிறகும் போனை வைக்கவில்லை. பின்னால் வண்டிகளின் ஹாரன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் வைக்கவில்லை.

ரிஸ்வான் பேசிவிடவில்லை. ஆட்டிசம் எங்கும் ஓடிவிடவில்லை. ஆனால் முகத்தில் குத்திக்கொள்வது நின்றது. மருந்தைக் குறைத்தார்கள். தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நகர்ந்து இடம் கொடுத்தானாம். இல்லத்தில் கிடைத்த இடம் வேண்டாமென்று அன்வர் பாய் சொல்லிவிட்டார். கதை இத்தோடு முடிந்தால் உங்களுக்குச் சொல்லும்போது எனக்கும் நன்றாக இருந்திருக்கும்.

காயம் ஆறிய பிறகு நஸீமா அவனை மறுபடி கூட்டிவந்தாள். அன்று அவனைத் தினேஷிடம் விட்டுவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"மேடம், எத்தினி நாளா வலிச்சிருக்கும்? பல்லு டாக்டரு மாசக்கணக்குல இருக்கும்ன்றாரு. உங்க மிஷின்ல தெரியுமா?"

தெரியும். ரிப்போர்ட்டில்தான் வெட்டுவோம், வெட்டாத முழுப் பதிவு கணினியில் அப்படியே இருக்கும். அடுத்த முறை சொல்கிறேன் என்றேன். ஒரு மத்தியானம் முழுக்கத் தினேஷும் நானும் உட்கார்ந்து பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனோம். வாரம் வாரமாக, மாதம் மாதமாக, இடது பக்கம் குதித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக இரண்டு பக்கமும் சமமாக இருந்த ஒரு நாள் வந்தது. அது ரம்ஜான் நோன்பு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னால்.

"சொல்லாதீங்க மேடம். இனிமே தெரிஞ்சு அவங்களுக்கு என்ன ஆகப் போகுது?" என்றார் தினேஷ். அவர் கண் கலங்கியிருந்தது.

ஆதம்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இதையே யோசித்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். தனக்கு வந்தது என்னவென்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வந்தால், அவன் தாய்க்காவது அது தெரிய வேண்டாமா? ஒருமுறை அந்த வலியை இரைச்சல் என்று வெட்டிப் போட்டோம். கேட்டு வந்தவளிடம் மறுபடியும் வெட்டிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் கேட்காமல் இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருக்க மாட்டேன். கேட்டுவிட்டாள்.

அடுத்த முறை அவள் வந்தபோது சொன்னேன். "நோன்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இருந்திருக்கும்மா."

அவள் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு முகத்தில் ஒன்றுமே இல்லாமல் போனது.

"பெருநாள் அன்னிக்கு பிரியாணி ஊட்டினேன். வாயில வெச்சதும் தட்டைத் தட்டி உட்டுட்டான். வீடு பூரா விருந்தாளிங்க. எல்லாரும் பாக்கறாங்கன்னு அறைஞ்சிட்டேன் மேடம்." தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "இங்கதான்."

உனக்குத் தெரியாதே அம்மா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "நானும் அதே எடத்தைத்தான் இத்தனை மாசமா அழுத்திக்கிட்டு இருந்தேன்" என்றேன். அவள் அழவில்லை. முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, "இனிமே வெட்னா, எதை வெட்றீங்கன்னு எங்கிட்ட காட்டிட்டு வெட்டுங்க" என்றாள்.

டாக்டரிடம் அதை அப்படியே சொன்னேன். அதிலிருந்து நம் மையத்தில் அதுதான் வழக்கம். வெட்டிய பகுதிகளைத் தனியாக எடுத்துவைத்து, பெற்றோரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்த நேரத்தில் பிள்ளை என்ன செய்தான், வீட்டில் அப்போது என்ன நடந்தது என்று கேட்போம். பெரும்பாலும் ஒன்றுமிருக்காது, தும்மலாக இருக்கும், கொட்டாவியாக இருக்கும். நேரம் வீணாகிறது என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது என் காதுக்கும் வந்திருக்கிறது. வீணாகட்டும்.

நஸீமா அப்படிச் சொன்ன அன்றே, அவள் போன பிறகல்ல, அவள் இருக்கும்போதே, ரிஸ்வானிடம் போய் உட்கார்ந்தேன். தினேஷ் படத்தைப் போட்டிருந்தார். பழக்கதோஷத்தில் என் கையை அவன் முன்னால் நீட்டினேன். அவன் அதைப் பார்த்தான். இரண்டு விரலால் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, வழியில் இருக்கும் தம்ளரை நகர்த்தி வைப்பது போல மேஜை மேல் ஓரமாக வைத்துவிட்டு, திரையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். மீன்கள் பளிச்சென்று தெரிந்தன.

அத்தனை மாதமும் அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். அவனுக்கு இப்போது அந்தக் கை தேவையில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், சந்தோஷமும் பட்டேன், அழவும் அழுதேன். அவன் வைத்த இடத்திலேயே கையை வைத்துக்கொண்டு படம் முடியும் வரை உட்கார்ந்திருந்தேன்.